கும்பிடுபூச்சி முட்டைக்கூடு: 18 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

மருந்து தெளிக்காமல் தோட்டத்துப் பூச்சிகளை ஒழிக்கும் வழி என்று சொல்லிக் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடுகளை விற்கும் உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு கூடுகள் வாங்கிப் பார்த்தேன். அவர் கடை வைத்திருப்பவர் அல்லர். சிங்கப்பூரின் ஈசூனில் தம் வீட்டிலேயே பூச்சிகளை வளர்த்து, இணையத்தில் விளம்பரம் செய்து, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் கொண்டுவந்து கொடுக்கும் தமிழ் இளைஞர். ஒரு கூட்டின் விலை 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). குஞ்சுகளுக்கு முதல் தீனியாகப் பறக்க முடியாத பழ ஈக்கள் அடங்கிய குப்பியும் வேண்டுமென்றால் 6 வெள்ளி கூடுதல். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரும் என்றும், அதன்பின் அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ என்று எந்தத் தொல்லையும் இருக்காது என்றும் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் அச்சிட்டிருந்தார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்த மதிப்புரையில் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கூடு ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில், வெளிர்பழுப்பு நிறத்தில், வெட்டிய குச்சி ஒன்றைச் சுற்றி இறுக ஒட்டியிருந்தது. நம் ஊர்ப்பக்கம் பெருமாள் பூச்சி என்றும் தயிர்க்கடைப் பூச்சி என்றும் அழைக்கப்படும் இந்தப் பூச்சியின் பெண், கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வயிற்று நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வரும் திரவத்தை நுரையாக அடித்து, அந்த நுரைக்குள் முட்டைகளை வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போகும். காற்றுப் பட்டதும் நுரை கெட்டிப்பட்டுவிடும். முட்டைகள் நடுவில் தனித்தனி அறைகளில் இருக்க, வெளிப்புற நுரை அவற்றை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிறிதும் அமுங்கவில்லை. கூட்டின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடுகிறது. குஞ்சுகள் வெளியேறும் வழி அதுதான் என்பதால், கட்டும்போது அந்தப் பக்கம் எதிலும் இடிக்காமல் இருக்க வேண்டும்.

வாங்குபவர் கூட்டைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சில உண்டு. குண்டூசி குத்தியதுபோன்ற வட்டத் துளைகள் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவை ஒட்டுண்ணிக் குளவிகள் துளைத்துக்கொண்டு வெளியேறிய வழிகள். நடுப்பட்டையில் மெல்லிய இழைகளும் உலர்ந்த தோல் துணுக்குகளும் தொங்கினால் அது ஏற்கெனவே பொரித்து முடிந்த கூடு. குச்சியோடு சேர்த்துத் தூக்கும்போது சிறிதும் கனமில்லாமல் வெறும் சக்கைபோல் இருந்தாலும் ஐயப்பட வேண்டியதுதான். எனக்குக் கிடைத்த இரண்டிலும் வெளிப்படையான குறை எதுவும் தெரியவில்லை.

அமெரிக்காவில் இது நெடுநாளாக நடந்துவரும் வணிகம். அங்கே பெரும்பாலும் விற்கப்படுவது டெனோடெரா சைனென்சிஸ் எனப்படும் சீனக் கும்பிடுபூச்சியின் கூடு. அந்த இனம் அமெரிக்க மண்ணைச் சேர்ந்ததன்று. 1896இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகில் முதன்முதலாகக் காணப்பட்டது, வெளிநாட்டிலிருந்து தருவித்த செடிகளோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இலையுதிர்காலத்தில் பெண்பூச்சி முட்டையிட்டுவிட்டு மடிந்துபோகும். கூடு பனிக்காலம் முழுவதும் கிளையிலேயே இருந்து வசந்தத்தில் பொரிக்கும். ஆகவே இலைகள் உதிர்ந்து புதர்கள் வெறுமையாக நிற்கும் மாதங்களில், கைவிடப்பட்ட வயல்களிலும் வேலியோரங்களிலும் நடந்து கூடுகளைக் குச்சியோடு வெட்டிச் சேர்த்து, முன்கூட்டியே பொரித்துவிடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வெயில் திரும்பும் பருவத்தில் அஞ்சலில் அனுப்புகிறார்கள். அந்நாட்டின் சொந்த இனமான கரோலினா கும்பிடுபூச்சியின் கூடு தட்டையாக நீண்டிருக்கும். உருண்டையான சீனக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டையானதை அதன் இடத்திலேயே விட்டுவிடுவது அறிந்த சேகரிப்பாளரின் வழக்கம்.

இதை இங்கே சொல்லக் காரணம், இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்தத் தட்பவெப்பத்துக்காக எழுதப்பட்டவை என்பதுதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்து வசந்தத்துக்குக் காத்திருக்கச் சொல்லும் அறிவுரைக்குச் சிங்கப்பூரில் பொருளில்லை. இங்குள்ள ஹைரோடுலா போன்ற இனங்களுக்குப் பனிக்கால உறக்கம் கிடையாது. இட்ட கூடு, வெப்பமும் ஈரமும் ஒத்துவந்தால் சில வாரங்களில் தானாகப் பொரிக்கும். வெளிநாட்டுக் கடையிலிருந்து கூடு தருவிக்கும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. உயிருள்ள பூச்சிகளை இந்நாட்டுக்குள் கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் கூடு தேடி எடுப்பதும் சட்டப்படி குற்றம். எனவே இந்த ஊரில் இதைக் காட்டில் சேகரித்து விற்கும் தொழிலுக்கு இடமில்லை. வீட்டில் வளர்த்தவற்றை விற்பவரிடம்கூட, எங்கிருந்து வந்தது, என்ன இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதோடு, அனுமதி தொடர்பான ஐயங்களைக் கழகத்திடமே கேட்டுத் தெளிவுபெறுவதுதான் முறை. விற்பவரின் வாய்ச்சொல் அதற்குப் போதாது.

இடையே ஒரு செய்தி. இதே பொருளைச் சைனாடவுன் பக்கமுள்ள சீன மருந்துக்கடைகளில் உலர்ந்த நிலையில் காணலாம். சாங் பியாவ் சியாவ் என்ற பெயரில், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லைக்குக் கொடுக்கப்படும் மருந்துச்சரக்கு அது. தோட்டத்துக்கு வாங்குவதைவிட அங்கே மலிவாகக் கிடைக்குமே என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: முட்டைகள் பொரிக்காமல் இருப்பதற்காகவே அந்தக் கூடுகளை ஆவியில் வேகவைத்து உலர்த்துகிறார்கள். அதைச் செடியில் கட்டினால் எறும்புதான் வரும்.

விற்பனையாளரின் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. கூடுகள் தம் வீட்டுக் கூண்டுகளில் வளர்ந்த பெண்பூச்சிகள் இட்டவை என்பதையும், இனம் ஹைரோடுலா என்பதையும் கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார்; பெற்றோர்ப் பூச்சிகளின் படங்களையும் காட்டினார். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பெட்டிக்குள் ஈரப்பஞ்சுத் துண்டு வைத்து, குச்சி ஆடாதபடி இரு முனைகளையும் பொருத்தியிருந்த விதம் அவருக்குத் தொழிலில் உள்ள அக்கறையைக் காட்டியது. பொருளைக் கையில் கொடுக்கும்போது, “அக்கா, எறும்பை மட்டும் பார்த்துக்குங்க, மத்ததை அதுவே பார்த்துக்கும்” என்றார். அச்சிட்ட குறிப்பில் இந்த எச்சரிக்கை கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. அது முதல் வரியில் இருக்க வேண்டியது. குறிப்பு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே உள்ளது. தமிழில் இவ்வளவு தெளிவாக விளக்கத் தெரிந்தவர் அதைத் தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட்டிருக்கலாம். கூடு இடப்பட்ட தேதியைக் குறிப்பிடாததுதான் பெரிய குறை. அது தெரியாமல் எப்போது பொரிக்கும் என்று கணக்கிட வழியில்லை.

கூடுகளைச் சிராங்கூன் கார்டன்சில் உள்ள என் தங்கையின் தரைவீட்டுப் பின்புறத்தில், நான்கு பக்கமும் மேற்புறமும் கொசுவலைபோல் நெருக்கமான வலை போட்ட பாத்தியில் வைத்தோம். கத்தரி, வெண்டை, மிளகாய், தண்டுக்கீரை ஆகியவை அதில் இருந்தன. கத்தரியில் மாவுப்பூச்சியும் வெண்டைக் கொழுந்துகளில் அசுவினியும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. பூச்சிகளை வெளியே விடாமல், அவை என்ன செய்கின்றன என்பதை அருகிலிருந்து பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. விற்பனையாளர் சொன்னபடி, குச்சியைச் செடியில் கட்டாமல் கூரைக் கம்பியிலிருந்து நூலில் தொங்கவிட்டு, நூலின் மேற்பகுதியில் வேசலின் தடவினோம். எறும்புகள் கம்பி வரை வந்து, நூலில் இறங்கப் பார்த்து, வேசலினைத் தொட்டதும் திரும்பிப் போவதைப் பலமுறை கண்டோம். வாங்குபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

முதல் கூடு ஒரு காலைப்பொழுதில் பொரித்தது. நடுப்பட்டையிலிருந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் புழுப்போன்ற உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநீட்டி, கண்ணுக்கு எளிதில் தெரியாத இழையில் கொத்தாகத் தொங்கின. அப்போது அவற்றுக்குக் கால்களே இல்லாததுபோல் தோன்றும். கால்கள் உடலோடு ஒட்டி ஒரு மெல்லிய உறைக்குள் மடிந்திருக்கின்றன. தொங்கியபடியே நெளிந்து அந்த முதல் தோலை உரித்ததும், முன்னங்கால்கள் விரிந்து, கரிய புள்ளிபோன்ற கண்கள் திரும்பி, உருவத்தில் முழுமையான கும்பிடுபூச்சி, அரை அங்குலத்துக்கும் குறைந்த நீளத்தில், தன் உடன்பிறப்புகளின் மேல் ஏறி இலைகளை நோக்கி நடக்கத் தொடங்கியது. கூட்டத்தை எண்ண முயன்று கைவிட்டோம். நூறுக்குக் குறையாது என்பது மட்டும் உறுதி. அச்சிட்ட தாளின் முதல் பாதி உண்மை என்று நான் சொன்னது இதனால்தான். இந்தக் காட்சிக்காகவே 18 வெள்ளி கொடுக்கலாம் என்றாள் என் தங்கை. நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை நிலைக்கவில்லை. ஒரே பாத்தியில் ஒரே வயதில் அத்தனை வேட்டைப்பூச்சிகள் இருந்தால், கைக்கு எட்டும் தூரத்தில் அசையும் முதல் இரை உடன்பிறந்ததாகவே இருக்கும். பழ ஈக் குப்பியைத் திறந்துவிட்ட நாள்களில் சண்டை குறைந்தது; ஈ தீர்ந்ததும் பழையபடி ஒன்றையொன்று பிடித்துத் தின்றன. பல்லிகளும் குதிக்கும் சிலந்திகளும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. சில வாரங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சின. இது விற்பவரின் குறையன்று. இந்தப் பூச்சியினத்தின் இயல்பே இதுதான். நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. எனினும் நூறு குஞ்சு என்பதை நூறு காவலர் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்ளும்படி எழுதியிருப்பது சரியன்று.

இரண்டாவது கூட்டிலிருந்து கும்பிடுபூச்சியே வரவில்லை. அதிலிருந்து வெளிப்பட்டவை உலோகப் பச்சையாக மின்னும், பின்னந்தொடை பருத்த சின்னஞ்சிறு குளவிகள். பெண் குளவிகளுக்கு உடலைவிட நீண்ட முட்டையிடும் ஊசி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. போடாகிரியான் என்ற இனத்தைச் சேர்ந்த இவை, நுரைக்கூட்டுக்குள் அந்த ஊசியைச் செலுத்தி முட்டையிட, அவற்றின் புழுக்கள் கும்பிடுபூச்சியின் முட்டைகளைத் தின்று வளர்கின்றன. வீட்டில் வளர்த்த கூடாக இருந்தாலும், கூண்டின் வலைக்கண் பெரிதாக இருந்தால் இந்தக் குளவி நுழைந்துவிடும். படத்தை அனுப்பியதும் விற்பனையாளர் வாதாடவில்லை. வேறொரு கூட்டை இலவசமாகக் கொடுத்ததோடு, கூண்டின் வலையை மாற்றப் போவதாகவும் சொன்னார். இப்படிப்பட்ட விற்பனையில் இதைவிட அதிகம் எதிர்பார்க்க முடியாது.

இனி அச்சிட்ட தாளின் இரண்டாம் பாதி. எஞ்சிய குஞ்சுகள் வெண்டைக் கொழுந்தில் ஊர்ந்த அசுவினிகளில் சிலவற்றைப் பிடித்தன. பறந்து எழுந்த வெள்ளை ஈக்களையும் சில வேளைகளில் தட்டிப் பறித்தன. கத்தரியில் அப்பிக்கிடந்த மாவுப்பூச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு குஞ்சு மாவுப்பூச்சிக் கூட்டத்தின் மேலேயே கால் வைத்து நடந்து, இலையின் மறுபக்கம் பறந்த கொசு ஒன்றைக் குறிவைத்ததை நானே பார்த்தேன். கும்பிடுபூச்சி அசைவைக் கண்டு வேட்டையாடுவது. செடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் அதற்கு இரையாகவே தெரிவதில்லை. செஞ்சிலந்தி என்ற சிற்றுண்ணியோ அதன் கண்ணுக்கு மிகச் சிறியது. கத்தரிக்காய்க்குள் துளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவை எந்தக் குஞ்சும் எட்ட முடியாது. சிங்கப்பூரில் மாடத்தில் தொட்டி வைத்திருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்யும் பூச்சிகளின் பட்டியலை எடுத்தால், முதல் சில இடங்களில் இருப்பவை இவைதாம்.

இன்னொரு தடை வேகம். வெப்பநாட்டில் அசுவினி ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்து, ஆண் துணையே இல்லாமல் குட்டி போடத் தொடங்குகிறது. மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். கும்பிடுபூச்சி முழு வளர்ச்சி அடையவே சில மாதங்கள் ஆகும். இரை பெருகும்போது தானும் கூடவே பெருக அதனால் இயலாது. உயிரியல் முறையில் பூச்சியைக் கட்டுப்படுத்தி வெற்றி கண்ட இடங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகத் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது. மருந்தடித்து ஓய்ந்த பிறகு, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு குளவியை வரவழைத்து விட்டார்கள். அந்தக் குளவிக்கு அந்த மாவுப்பூச்சியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அது பெருகப் பெருகத் தானும் பெருகித் தொல்லையை அடக்கியது. சிங்கப்பூரிலேயே 2016இல் களச் சோதனையாகத் தொடங்கிய, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை வெளியே விடும் திட்டத்தின் முறை வேறு என்றாலும், குறி ஒன்றே ஒன்றுதான்: ஏடிஸ் கொசு. கும்பிடுபூச்சிக்குக் குறி என்று ஒன்றில்லை, பிடிபட்டதெல்லாம் இரை.

பிடிபட்டதெல்லாம் இரை என்பது தோட்டக்காரருக்கு நட்டமாகவும் முடியும். வலைக்கு வெளியே உள்ள பூசணிக்கொடியில் தானாக வந்து குடியேறிய வளர்ந்த கும்பிடுபூச்சி ஒன்று, காலை வேளைகளில் பெண்பூவின் விளிம்பிலேயே அமர்ந்துகொண்டு, மகரந்தத்தோடு வரும் தேனீக்களைப் பிடித்து, தலையைக் கடித்துப் போட்டுவிட்டு உடலைத் தின்றுகொண்டிருந்தது. பூசணி, பாகல் முதலிய கொடிகளில் தேனீ வராவிட்டால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். பொறிவண்டு, வண்ணத்துப்பூச்சி, மற்றொரு கும்பிடுபூச்சி என்று அது எதையும் விட்டுவைப்பதில்லை. வளர்ந்த கும்பிடுபூச்சிகள் சிறு பறவைகளைப் பிடித்துத் தின்ற 147 நிகழ்வுகளைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வே வெளிவந்துள்ளது. தோட்டத்தில் அது இருப்பது தோட்டம் உயிரோடு இருப்பதன் அடையாளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலைக்கு வாங்கிவந்து கட்டும் மருந்து அதுவன்று.

ஆகவே யார் வாங்கலாம்? வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும், வலைக்கூண்டில் வைத்து வளர்ச்சியைப் பின்தொடர விரும்புவோருக்கும் இது கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத பொருள். அவர்கள் பழ ஈக் குப்பியையும் சேர்த்தே வாங்க வேண்டும், குஞ்சுகளைப் பொரித்த சில நாள்களுக்குள் தனித்தனிக் குவளைகளில் பிரிக்கவும் வேண்டும். கத்தரியில் மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது, எதையாவது செய்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் அந்த 18 வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட கிளையை வெட்டி எறிவதும், நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், மெல்லிய சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக அதைக் காவல்காக்கும் எறும்பின் பாதையை அடைப்பதும் அவர்களுக்குப் பயன்தரும். எறும்பு விலகினால் பொறிவண்டுகள் தாமாக வரும். அவை வருவதற்குக் காசு கேட்பதில்லை.

அடுக்குமாடி புளோக்கின் கீழேயுள்ள சமூகத் தோட்டத்துக்கு இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். பலர் பொதுவாகப் பயிர் செய்யும் இடத்தில் ஒருவர் தம் விருப்பத்துக்கு வேட்டைப்பூச்சிகளைக் கொண்டுவந்து விடுவது முறையன்று. மேலும் டெங்கிக் காலத்தில் பேட்டையில் கொசுவுக்குப் புகையடித்தால், அந்தப் புகை ஏடிஸ் எது, கும்பிடுபூச்சி எது என்று பார்ப்பதில்லை.

மதிப்பெண் இட வேண்டுமென்றால், பொருளின் தரத்துக்கும் விற்பனையாளரின் நாணயத்துக்கும் ஐந்துக்கு நான்கு. பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் அந்த வெண்டை அசுவினிகளுக்காக. அவரிடம் கூடுகள் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து, கூடு இடப்பட்ட தேதியை எழுதித் தரும்படி கேட்டு, கையில் வாங்குமுன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத் துளை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவும்.